கூடவே வந்த பூ

வவுனியா பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், கைபேசி திருத்தும் கடையொன்றின் மேல்மாடியில் இருக்கிறது அந்த டாட்டூக் கடை. படி ஏறும்போதே டெட்டோல் மணம். உள்ளே ஒரு சாய்கதிரை, தலைக்கு மேல் வட்ட விளக்கு, மேசையில் உறை பிரிக்காத ஊசிகள். கடைக்காரத் தம்பிக்கு முப்பது வயது இருக்காது. கிளிநொச்சியில் இருக்கும் உறவுகளைப் பார்க்க மஸ்கெலியாவிலிருந்து புறப்பட்டவள் நான். வழியில் இறங்கி இவரைத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. எங்கள் தோட்டத்துக் கிழவிகளின் கையில் பார்த்து வளர்ந்த பச்சைக்கும், இன்று வன்னிப் பிள்ளைகள் காசு கொடுத்துக் குத்திக்கொள்ளும் பூவுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் என்ன உறவு என்று பார்த்துவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

"பொம்பிளைப் பிள்ளையள் கூடக் கேக்கிறது வண்ணாத்திப்பூச்சிதான் அக்கா. அதோட ஒரு பூ. மணிக்கட்டில, இல்லாட்டிக் காதுக்குப் பின்னால. அம்மா காணாத இடமா வேணும்" என்றபடி ஒரு தடித்த ஆல்பத்தை நீட்டினார்.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே அர்த்தம் எழுதியிருந்தது. ரோசா என்றால் காதல். முள்ளோடு சேர்த்துப் போட்டால் காதலில் பட்ட அடி. தாமரை, சேற்றில் நின்றும் சேறு படியாத மனம். ஜப்பானியரின் செர்ரிப் பூ நிலையாமைக்கு, பியோனி செல்வத்துக்கும் துணிவுக்கும். வண்ணத்துப்பூச்சி விடுதலைக்கு, மறுபிறப்புக்கு. பழைய கிரேக்க, ரோமச் சிற்பிகள் உயிரை வண்ணத்துப்பூச்சிச் சிறகுள்ள பெண்ணாகச் செதுக்கியிருக்கிறார்கள். அந்த வழியில் வந்த அர்த்தம் இது. ஒரு படத்தில் அரைப்புள்ளி ஒன்று நடு உடலாக நிற்க, இரு பக்கமும் சிறகு விரிந்திருந்தது. 2013இல் அமெரிக்காவில் ஒரு பெண் தொடங்கிய இயக்கத்தின் அடையாளம் அந்த அரைப்புள்ளி. வாழ்க்கையை முடித்துக்கொள்ள நினைத்து, பிறகு தொடர்ந்து வாழத் தீர்மானித்தவர்கள் அதைக் குத்திக்கொள்கிறார்கள். வாக்கியம் இன்னும் முடியவில்லை என்பது அதன் பொருள்.

"இதை இஞ்ச கேக்கிறவை இருக்கினமா?" என்றேன்.

"இருக்கினம். அர்த்தம் தெரிஞ்சுதான் கேக்கினம். நான் ஒண்டும் விசாரிக்கிறேல்ல. அவையாக் கதைச்சாக் கேட்டுக்கொண்டிருப்பன்."

இந்தத் தம்பியை எனக்குப் பிடித்துவிட்டது. ஆல்பத்தில்தான் ஒரு குறை. அதிலிருந்த கைகளும் தோள்களும் முழுக்க வெள்ளைத் தோல். நீர்வண்ணம் தெளித்ததுபோல் இளஞ்சிவப்பும் வான்நீலமும் கலந்த சிறகுகள் அந்தத் தோலில் எடுப்பாக இருக்கின்றன. நம் மாநிறத்தில், கறுப்பில், மெல்லிய மஞ்சளும் வெளிர்நீலமும் சில வருடங்களில் கரைந்து அழுக்குப்போல் நின்றுவிடும். நமக்கு எடுபடுவது தெளிவான கருங்கோடு, ஆழ்ந்த சிவப்பு, கரும்பச்சை. கோட்டை மட்டும் வரைந்து, இதழின் உட்புறத்தைத் தோலின் நிறத்துக்கே விட்டுவிடுவது இன்னும் அழகு. தம்பியும் அதைத்தான் சொன்னார். படத்தைக் காட்டி அப்படியே வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களிடம், அவர்கள் கையிலேயே பேனாவால் வரைந்து காட்டி விளங்கவைப்பாராம்.

இரண்டு பூக்களுக்கு மட்டும் அவரிடம் நிபந்தனை இருந்தது. தாமரை குத்துவார், அதன்மேல் புத்தர் அமர்ந்திருக்கக் கூடாது. 2014 ஏப்ரலில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்திறங்கிய நயோமி கோல்மன் என்ற பிரித்தானியத் தாதியின் மேற்கையில், தாமரையில் அமர்ந்த புத்தர் இருந்தார். அதற்காக அவரைக் கைதுசெய்து, தடுத்து வைத்து, நாடு கடத்தினார்கள். அவர் வழக்குப் போட்டார். 2017இல் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து நட்டஈடு வழங்க உத்தரவிட்டது. தீர்ப்பு நல்ல தீர்ப்புத்தான். ஆனாலும் கடை வைத்திருப்பவருக்குப் பயம் போகவில்லை.

மற்றது கார்த்திகைப்பூ. "அது மட்டும் குத்திறேல்ல அக்கா. கேட்டு வாறவை இருக்கினம். பூவில பிழையில்லை. பிறகு ஆர் வந்து விசாரிப்பினமோ எண்டதுதான்."

கீழே சித்தப்பா மகன் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தான். ஏ9 வீதியில் வடக்கே திரும்பினோம். கார்த்திகை மாதம். முதல்நாள் இரவு பெய்த மழையில் ஓமந்தைப் பக்கத்து வயல்கள் நிரம்பி, காலபோக நெல் இளம்பச்சையாய் நின்றது. புளியங்குளம் தாண்டி, கனகராயன்குளத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். கடைக்குப் பக்கத்தில் ஒரு வெற்றுக் காணி. வீடு இருந்த அடையாளமாகச் சீமெந்துத் தளம் மட்டும் கிடந்தது. சுற்றிலும் எருக்கலை ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

அதன் இலையில்தான் அந்தப் புழுவைக் கண்டேன். வெள்ளை, கறுப்பு, மஞ்சள் என்று மாறி மாறி வளையம் போட்ட உடம்பு, முதுகில் மெல்லிய கறுப்பு முடிபோல் சோடி சோடியாக நீட்டிக்கொண்டிருந்தன. அவசரமே இல்லாமல் இலையின் ஓரத்தைத் தின்றுகொண்டிருந்தது. தின்ற இடத்தில் எருக்கம்பால் துளிர்த்து நின்றது. இரண்டு செடி தள்ளி அதன் தாயோ, தாயின் சோடியோ பறந்தது: செம்மஞ்சள் சிறகு, நுனியில் கறுப்பு, கறுப்பின் நடுவே வெள்ளைப் பட்டை. தமிழ்நாட்டில் இதை வெந்தய வரியன் என்கிறார்கள். எருக்கம்பால் நஞ்சு. இந்தப் புழு அந்த நஞ்சைத் தின்று உடம்பில் சேமித்து, சிறகு முளைத்த பிறகும் வைத்துக்கொள்கிறது. ஒருமுறை இதைக் கொத்திக் கசப்பு அறிந்த குருவி மறுமுறை கிட்ட வராது. அதனால்தான் இது பதறாமல், தாழ்வாக, மெதுவாகப் பறக்கிறது. இதன் நிறத்தைப் பார்த்து நஞ்சே இல்லாத வேறொரு இனத்தின் பெண்பூச்சியும் இதே உடுப்பில் திரிந்து பிழைத்துக்கொள்கிறது.

ஆல்பத்தில் வண்ணத்துப்பூச்சி என்றால் மென்மை, விடுதலை. கனகராயன்குளத்து வண்ணத்துப்பூச்சி நஞ்சைச் சாப்பிட்டு உயிரோடிருக்கும் பூச்சி. எங்கள் மலையில் அதற்கு வேறு கதை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெள்ளையும் மஞ்சளுமாக ஆயிரக்கணக்கில் ஒரே திசையில் பறந்து போகும். சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போய் அங்கேயே உயிரை விடுகின்றன என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். கொன்றை, ஆவாரை இனச் செடிகளில் வளரும் அந்தப் பூச்சிகள் பருவக்காற்றை ஒட்டி இடம்பெயர்கின்றன என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். மட்டக்களப்பில் 1996இல் போரில் அடிபட்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கிய தோட்டத்துக்கு வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா என்று பெயர் வைத்தார்கள். கனடாவிலிருந்து வந்த ஓவியர் போல் ஹோகனும் யேசு சபைக் குரு போல் சற்குணநாயகமும் முன்னின்ற இடம் அது. அங்கே அதற்கு இன்னொரு அர்த்தம். அச்சடித்த விளக்கத்தை நம்பி உடம்பில் குத்திக்கொள்வதைவிட, தன் ஊரில் எந்தப் பூச்சி எதைத் தின்று வாழ்கிறது என்று பார்த்துவிட்டுக் குத்திக்கொள்ளலாம். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் ஒரு பை வாங்கிக்கொண்டு, மழைக்கு முன் கிளிநொச்சி போய்ச் சேர்ந்தோம்.

சித்தி வீடு பாரதிபுரத்தில். பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் என்று கிளிநொச்சியைச் சுற்றி எங்கள் சனம் நிறைய இருக்கிறது. 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரத்துக்கும் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்டவர்கள் வடக்கே வந்து, காடு வெட்டிக் குடியேறிய ஊர்கள். 1977க்குப் பிறகு வவுனியாப் பக்கத்தில் அப்படி வந்தவர்களுக்குக் காணியும் கிணறும் விதைநெல்லும் ஏற்பாடு செய்தது காந்தீயம் இயக்கம். கட்டடக்கலைஞர் டேவிட்டும் மருத்துவர் ராஜசுந்தரமும் அதை நடத்தினார்கள். ராஜசுந்தரத்தை 1983 யூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொன்றார்கள். அந்தப் பெயரை இங்கே இப்போதும் மரியாதையோடு சொல்கிறார்கள்.

சித்தி வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பாட்டி. எண்பதைத் தாண்டியிருப்பார். முற்றத்துப் பலாமரத்தின் கீழ் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "பச்சையப் பாக்கணுமா? பாரு, பாரு. இத யாரு புள்ள இப்ப பாக்குறா?" என்று சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு நீட்டினார்.

வலது முன்கை. மணிக்கட்டைச் சுற்றி ஒரு வரிசைப் புள்ளி, வளையல்போல். அதற்கு மேலே நாலு மூலைக் கம்பிக் கோலம். கோலத்தின்மேல் ஒரு பூச்சட்டி; சட்டியிலிருந்து மூன்று காம்பு; காம்புக்கு ஒரு பூவாக மூன்று பூ; ஒவ்வொன்றுக்கும் எட்டு இதழ். நடுப்பூவின் இதழ்கள் தோல் சுருக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பூச்சட்டியின் ஓரத்தில், ஒட்டாமல் தனியே மூன்று புள்ளிகள். அவை கண்ணேறு படாமல் இருக்க. இடது கையில் ஒரு தேள், அதன் கீழே புருசன் பெயர். வாயால் சொல்லக் கூடாத பெயரைத் தோலில் எழுதி வைத்துக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம். பச்சை குத்திய குறத்திக்கு எழுத்துத் தெரியாது. யாரோ தரையில் எழுதிக் காட்டியதைப் பார்த்துக் குத்தியிருக்கிறாள். இரண்டாவது எழுத்து கவிழ்ந்து கிடக்கிறது. அறுபது வருடமாக அந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்ததாகப் பாட்டி சொன்னார்.

"பூ எனக்குப் பத்துப் பதினோரு வயசுல குத்துனது. மாத்தளைப் பக்கம் தோட்டத்துல இருந்தோம். குறத்தி லயத்துக்கு லயம் வருவா. ஊசி அஞ்சு சேத்து நூல்ல கட்டியிருப்பா. மொதல்ல குச்சிய மையில தொட்டுப் படம் போடுவா, அப்புறம் பொட்டுப் பொட்டா எறக்குவா. நான் கத்துன கத்துல எங்க அம்மா காலப் புடிச்சுக்கிட்டாங்க. அவ பாட்டுப் பாடிக்கிட்டே குத்துனா, வலி தெரியக் கூடாதுன்னு. ஒரு கொத்து அரிசியும் பழைய சேலையும் குடுத்தாங்க."

மை எப்படிச் செய்தாள் என்று பாட்டிக்கு நினைவில்லை. ஆனால் நூறு வருடத்துக்கு முன் சென்னை மாகாணத்தில் எட்கர் தர்ஸ்டன் என்ற ஆய்வாளர் இதைக் குறித்து வைத்திருக்கிறார். அகத்தி இலையையும் மஞ்சளையும் அரைத்துத் துணியில் வைத்துத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த மண்சட்டியில் படியும் கரியைச் சுரண்டி, தாய்ப்பாலில் குழைப்பார்கள். குத்தி முடித்ததும் வீங்காமல் இருக்க மஞ்சள் பூசுவார்கள். கரி கறுப்புத்தான். தோலுக்கடியில் போனதும் தோல் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் நீலமும் பச்சையுமாகத் தெரிகிறது. அது அழியாமல் இருப்பதற்குக் காரணம் நம் உடம்பின் காவல் செல்கள். வெளியிலிருந்து வந்த துகள் என்று மையை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அந்தச் செல் இறந்தால் மை வெளியே வரும். உடனே பக்கத்துச் செல் அதை எடுத்து விழுங்கிவிடும். 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளில் இதைக் கண்டுபிடித்தார்கள். பாட்டியின் கையில் எழுபது வருடமாக அந்தப் பூ கைமாறிக் கைமாறித்தான் நிற்கிறது.

பூச்சட்டிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"அர்த்தமா? எங்க அம்மா கையில அது இருந்துச்சு. அதே மாதிரி வேணும்னு நான் அழுதேன். குறத்தி அவங்க கையப் பாத்துத்தான் என் கையில போட்டா."

அம்மாவுக்கு அது அக்கரையில், தமிழ்நாட்டின் துறையூர்ப் பக்கத்துக் கிராமத்தில் குத்தியது. அவர்களுக்கு முந்திய தலைமுறைகள் கோப்பித் தோட்டத்துக்கு வந்தது எப்படியென்றால், தலைமன்னார்ப் பக்கம் கரையேறி, இதே வன்னிக் காட்டின் ஓரமாகத் தெற்கே மாத்தளைக்கு நடந்து. 1823இலிருந்து எண்ணுகிறோம். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 2023இல் இருநூறு வருட நினைவாக எங்கள் ஆட்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்தத் தடத்தில் திரும்ப நடந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர்களுக்குத் தோட்ட எண் அடித்த தகரத் துண்டு கொடுத்தார்கள். எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று தெரிவதற்காக. அந்தத் தகரத்தைத் துரைமார் மாட்டினார்கள். கையில் இருந்த பூவைப் பாட்டி தானே கேட்டு அழுது வாங்கினார். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது.

1977இல் பாட்டி வன்னிக்கு வந்தார். காடு வெட்டினார். நாலு பிள்ளைகளைக் கரையேற்றினார். இறுதிப் போரில், 2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு ஓடி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஒவ்வொரு இடமாக நகர்ந்தார்.

"கழுத்துல காதுல கெடந்ததெல்லாம் அரிசிக்கும் பால்மாவுக்கும் போயிருச்சு. வட்டுவாகல் பாலத்தத் தாண்டயில உடுத்துன சேலையும் இதுவுந்தான். இத மட்டும் ஒருத்தனும் கேக்கல." கையைத் தட்டிக் காட்டினார். "நகைய எடுத்துருவாங்க, கட்டைல வெக்கிறப்ப பச்சைதான் கூட வரும்னு எங்க அம்மா சொல்லும். சாவுக்குச் சொன்னத நான் உசுரோடவே பாத்துட்டேன்."

போருக்குப் பிறகு முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 3 லட்சம் பேர். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமை 2012 செப்டம்பரில்தான் மூடினார்கள். பாட்டி அங்கே ஒரு வருடத்துக்கு மேல் இருந்தார். அங்கும் அந்தப் பூ கூடவே இருந்தது. சங்ககாலப் பெண்களின் தோளில் சந்தனக் குழம்பால் எழுதிய தொய்யில் கொடியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அது குளித்தால் போய்விடும் அலங்காரம். பொன் வாங்க வக்கில்லாத பெண்கள் ரத்தம் கசியக் கசியப் போட்டுக்கொண்ட இந்த நகையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. நானும் சித்தப்பா மகனும் பாட்டியின் இரண்டு கைகளையும் வெயிலில் வைத்துப் படம் எடுத்தோம். மெல்லிய தாளை மேலே வைத்துக் கோடு கோடாக வரைந்தும் கொண்டேன். அன்று சாயங்காலம் அதே ஒழுங்கையில் இன்னும் சில வயதான பெண்களின் கைகளைப் பார்த்தோம். ஒன்றில் தேர், ஒன்றில் மயில், ஒன்றில் வெறும் புள்ளிகளால் ஆன தாமரை.

மறுநாள் பரந்தனில் திரும்பி முல்லைத்தீவு வீதி. விசுவமடு தாண்டியதும் வேலிகளில் கார்த்திகைப்பூ. ஒரு கிளுவை வேலியில் மட்டும் இருபது முப்பது பூக்கள் எரிந்துகொண்டிருந்தன. இறங்கிப் போய்ப் பார்த்தோம். கோடையில் மண்ணுக்குள் கிழங்காய்ப் படுத்திருந்து, முதல் மழைக்கு முளைத்து, இலைநுனியையே சுருள் கம்பியாக்கிக் கிடைத்ததைப் பற்றி ஏறுகிறது. மொட்டு பச்சை, விரியும்போது மஞ்சள், பிறகு அடிமட்டும் மஞ்சளாக நுனி சிவந்து, கடைசியில் முழுச் சிவப்பு. ஆறு இதழும் பின்னோக்கி வளைந்து மேலே நிற்க, மகரந்தத் தண்டுகள் கீழே குடைக்கம்பிபோல் பக்கவாட்டில் விரிகின்றன. தேன் தேடி வரும் பெரிய வண்ணத்துப்பூச்சிகளின் சிறகு அந்த விரிப்பில் உரசும். மகரந்தம் சிறகில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். பூவையும் வண்ணத்துப்பூச்சியையும் ஒரே படத்தில் கேட்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சோடி இந்த மண்ணில் இல்லை. இதன் கிழங்கும் நஞ்சு, உயிர்க்கொல்லி நஞ்சு.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் தொண்ணூற்றொன்பது பூக்களில் முதற்பூ காந்தள் எனப்படும் இந்தக் கார்த்திகைப்பூதான். தமிழ்நாட்டின் மாநிலப் பூ அதுவே. சிம்பாப்வேயின் தேசியப் பூவும் அதுவே. 1947இல் இளவரசி எலிசபெத் தென் ரொடீசியாவுக்குப் போனபோது அங்குள்ள பிள்ளைகள் காசு சேர்த்து இந்தப் பூவின் வடிவில் வைர ஊசி கொடுத்தார்கள். வன்னியில் 2003இல் விடுதலைப் புலிகள் இதைத் தமிழீழத்தின் தேசியப் பூவாக அறிவித்தார்கள். போர் முடிந்ததிலிருந்து இந்த வேலியில் தானாகப் பூப்பதற்கும் ஒருவர் சட்டையில் குத்துவதற்கும் நடுவே பொலிஸ் நிற்கிறது. தேராவில் மாவீரர் துயிலுமில்லத்தில் ஆட்கள் புல் செருக்கிக்கொண்டிருந்தார்கள். மாவீரர் நாளான நவம்பர் 27 வரப்போகிறது. கல்லறைகள் இருந்த இடத்தில் கற்குவியல்தான். அதன்மேல் யாரோ ஒரு தாய் இந்தப் பூவைக் கொண்டுவந்து வைப்பாள்.

அதே நவம்பரில் பிரித்தானியர் தங்கள் போரில் செத்தவர்களுக்காகச் சிவப்புப் பொப்பிப் பூவைச் சட்டையில் குத்துகிறார்கள். கொழும்பிலும் அந்தப் பூ விற்கப்படுகிறது. 1930களில் இடதுசாரி இளைஞர்கள் அதற்கு எதிராக, பொப்பி விற்ற காசு பிரித்தானியச் சிப்பாய்களுக்கே போகிறதென்று சொல்லி, அதே நாளில் பூவரசம்பூவை விற்றார்கள். சூரிய மல் இயக்கம் என்று வரலாற்றில் பெயர். 1934, 35இல் மலேரியா பரவியபோது அந்த இயக்கத்தவர்கள்தான் கிராமம் கிராமமாக மருந்து கொண்டுபோனார்கள். செத்தவர்களுக்காக எந்தப் பூவைக் குத்துவது என்ற வழக்கு இந்தத் தீவில் நேற்று வந்ததல்ல. ஒரு தாய் தன் பிள்ளைக்காக ஒரு பூவை உடம்பில் எழுதிக்கொள்ள விரும்பினால், அதைத் தடுக்கும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். வவுனியாத் தம்பி அந்தப் பயம் இல்லாமல் ஊசியை எடுக்கும் நாள் வர வேண்டும்.

புதுக்குடியிருப்பில் சாப்பிட்டுவிட்டு, நந்திக்கடலை வலது பக்கம் வைத்துக்கொண்டு, பேச்சில்லாமல் முல்லைத்தீவு போனோம்.

அங்கே ஒரு முன்பள்ளி ஆசிரியை எங்களுக்காகக் காத்திருந்தார். வவுனியாத் தம்பிதான் தொலைபேசியில் சொல்லிவைத்திருந்தார். 2009இல் அவருக்குப் பதினொரு வயது. இடது முன்கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டை நோக்கி ஒரு நீண்ட தழும்பு. அதைச் சுற்றிச் சிறு பொட்டுகளாக ஐந்தாறு. "செல் பட்டது அக்கா. ஒரு பீஸ் இன்னும் உள்ளுக்க இருக்கு. பிள்ளையள் ஒவ்வொரு வருசமும் புதுசா வருவினம், டீச்சர் இதென்ன எண்டு கேப்பினம். ஒவ்வொரு வருசமும் ஒரு கதை சொல்லோணும். வண்ணாத்திப்பூச்சி எண்டா அதைப் பற்றிக் கதைக்கலாம்தானே?"

தம்பி அவருக்கு அனுப்பியிருந்த வரைபடங்களை விரித்துப் பார்த்தோம். தழும்பை மறைக்கும் வேலை தெரிந்த கை தம்பிக்கு. தழும்பின் ஓரத்தைக் கோடு போட்டு வளைத்தால் அது இன்னும் துருத்தித் தெரியும். அதனால் நீளத் தழும்பையே வண்ணத்துப்பூச்சியின் உடலாக்கி, சிறகுகளை நல்ல தோலில் விரித்திருந்தார். இன்னொன்றில் தழும்பு ஒரு பூக்கொடியின் தண்டு; சிறு பொட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு முல்லை மொட்டு. தழும்பு ஏறிய தோல் மையை ஒரே சீராகப் பிடிக்காது. சில இடத்தில் பரவும், சில இடத்தில் ஏறவே ஏறாது. நம் நிறத்துத் தோலில் தழும்பு தடித்துக் கட்டியாக வளரும் வாய்ப்பும் கூட. அப்படிப்பட்ட தழும்பின்மேல் ஊசி வைக்கவே கூடாது. ஒரு வருடமாவது ஆறிய, தட்டையான தழும்பாக இருக்க வேண்டும். தோல் வைத்தியரிடம் காட்டிய பிறகே தொட வேண்டும். உள்ளே இருக்கும் இரும்பை டாட்டூ ஊசி தொடாது. அது இறங்குவது ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான். இருந்தாலும் அதையும் வைத்தியரிடம் சொல்லத்தான் வேண்டும். குத்தியபின் இரண்டு மூன்று கிழமை வெயிலும் குளத்துத் தண்ணியும் வயற்சேறும் படக் கூடாது. இதையெல்லாம் தம்பி ஏற்கெனவே அவருக்குச் சொல்லியிருந்தார். மாவட்ட வைத்தியசாலையில் காட்டிவிட்டு வரும்வரை நாள் குறிப்பதில்லை என்றும் சொல்லிவிட்டாராம்.

வண்ணத்துப்பூச்சியா முல்லையா என்று ஆசிரியைக்கு முடிவு வரவில்லை. பேச்சோடு பேச்சாக, பாரதிபுரத்தில் எடுத்த படங்களைக் காட்டினேன். பூச்சட்டியில் வந்து நின்றுவிட்டார். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இந்த நடுக்காம்பு... என்ர தழும்பும் இப்பிடித்தான் போகுது, என்ன? மேல மூண்டு பூ விரிச்சா மிச்சப் பொட்டெல்லாம் இலையுக்க போயிடும்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆனா அது அவேன்ர அம்மான்ர பூ. நான் எடுக்கலாமோ?" என்றார்.

அந்தக் கேள்வியை எந்த ஆல்பமும் கேட்டிருக்காது. குறத்தி கையிலிருந்து கைக்கு, தாய் கையிலிருந்து மகள் கைக்கு வந்த உருவங்கள் பாட்டிமாரோடு சேர்ந்து எரிந்துகொண்டிருக்கின்றன. பிள்ளைகளுக்குக் குத்தவில்லை, பேரப்பிள்ளைகளுக்குக் காட்டவில்லை. வவுனியாவில் இப்போது பல்கலைக்கழகம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. கம்பளைப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. பாரதிபுரத்திலும் மலையாளபுரத்திலும் வீடு வீடாகப் போய்க் கைகளைப் படமெடுத்து, யார் குத்தினார்கள், எந்தத் தோட்டம், எவ்வளவு அரிசி கொடுத்தார்கள் என்று எழுதிவைக்க ஒரு மாணவி போதும். இப்போதே செய்ய வேண்டும். அடுத்த கார்த்திகையில் இந்தக் கைகளில் எத்தனை இருக்குமோ.

அங்கிருந்தே சித்திக்குத் தொலைபேசி எடுத்தேன். சித்தி நாலு வீடு நடந்துபோய்ப் பாட்டியிடம் கொடுத்தார். முல்லைத்தீவில் ஒரு டீச்சர் உங்கள் கைப்பூவைக் கேட்கிறார் என்று கத்திச் சொன்னேன்.

"கேக்குறதுக்கு என்ன இருக்கு? நான் மட்டும் அந்தப் பூவ எங்கருந்து வாங்குனேன்? தாராளமாக் குத்திக்கச் சொல்லு. ஆனா ஓரத்துல அந்த மூணு புள்ளி வெக்கணும். குத்துற தம்பிகிட்ட மறக்காமச் சொல்லிரு."